செருப்பை யார் பார்த்துக்கொள்வது

செருப்பை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலிக்கிறது என்றிருக்கலாம், கூட்டமாக இருக்கிறது என்றிருக்கலாம், எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று நேராகவேகூடச் சொல்லியிருக்கலாம், அது உண்மை, உண்மைக்கு ஒரு மரியாதை உண்டு. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயில் வாசலில் என் மனைவி மங்கையர்க்கரசி என் முழங்கையைத் தொட்டு, "இன்னிக்கு மட்டும் உள்ள வர்றீங்களா?" என்று கேட்டாள். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை அதில் ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். அந்தச் சதை என்ன சொல்கிறது என்று இன்று ஆறு மணிக்குப் பரிசோதனைக்கூடத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் கேட்டாள். நான் குனிந்து, அவள் கழற்றி வைத்திருந்த நீல வார் செருப்பைப் பார்த்து, "செருப்பை யார் பாத்துக்கிறது?" என்றேன். அவள் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, தேங்காய்ப் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். இடது கையிலிருந்து வலது கைக்கு. ஊசி குத்திய பக்கம் வலிக்கிறதோ என்னவோ, அதைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, செருப்பைப் பற்றித்தான் கேட்டேன். அதுவும் எந்தச் செருப்பு? குதிகால் தேய்ந்து, கட்டைவிரல் பள்ளம் விழுந்து, திருடன் எடுத்தாலும் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடக்கூடிய செருப்பு.

இதில் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. என் அப்பா ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல், மாலை மாற்றி எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அவளுடைய அப்பா மேடையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். அவள் போவாள், நான் தடுக்க மாட்டேன். நான் வர மாட்டேன், அவள் கூப்பிட மாட்டாள். நான் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வேன். திருச்சியில் நான் வாசலில் நிற்காத கோயில் இல்லை என்று என் மைத்துனன் சொல்வான், உள்ளே போயிருந்தால்கூட இவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்காது மாமா என்பான். அப்படி இருபத்தைந்து வருஷம் காத்த ஒப்பந்தத்தை இன்று அவள்தான் மீறினாள், நான் மீறவில்லை, சட்டப்படி தவறு அவள் பக்கம். இப்படி ஒரு நியாயம் மனத்தில் தோன்றியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார இடம் தேடினேன். கோயிலுக்குப் பக்கத்தில் காலணி பாதுகாக்கும் கடை ஒன்று உண்டு. இன்று அதன் ஷட்டர் இறங்கியிருந்தது. இல்லத் திருமணம், கடை விடுமுறை என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்கள், ஷட்டருக்கு வெளியே ஒரு இரும்பு ஸ்டூலை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்து, நீலச் செருப்பை என் கால்பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். சத்தியம் என்றால், யார் மேல் என்ற கேள்வி வருகிறது, சரி, சத்தியம் இல்லை, சும்மா சொல்வேன்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நீலச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் தன்னுடையதைக் கழற்றிவிட்டு, "அங்கிள், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள், என் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில், பக்தர்கள் காலணிகளை உரிய இடத்தில் மட்டும் விடவும் என்று அறிவித்தார்கள். உடனே வாசலில் நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. உரிய இடம் எது என்று தேடிய பதினாறு கண்களுக்கும் நான் தெரிந்தேன். எட்டு ஜோடி. ஒருவர் டோக்கன் கேட்டார். டோக்கன் இல்லை என்றேன். "இல்ல, நான் இங்க..." என்று ஆரம்பிப்பதற்குள், "பரவால்ல, உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன தெரிகிறது? ஐம்பத்து நான்கு வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் உதவிப் பொறியாளனாக இருக்கிற செங்குட்டுவன் முகத்தில் என்ன தெரிகிறது? அப்படியே நாற்பது ஜோடி சேர்ந்துவிட்டது. எனக்கு எதிரே தரையில் சாக்கு விரித்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா, வாயில் நாரைக் கடித்தபடி, "சாருக்குப் புது வேலையா?" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி கிளம்பியது. அற்பமான மகிழ்ச்சி, இருந்தாலும் மகிழ்ச்சி. ஏனென்றால் என் மாமனாரோடு நான் பத்து வருஷம் போட்ட சண்டைக்கு இதோ பதில். கடிகாரம் இருந்தால் செய்தவன் இருக்க வேண்டாமா, பானை இருந்தால் குயவன் இருக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, வந்து பாருங்கள் மாமா. இங்கே ஒரு காலணி நிலையம் இருக்கிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. யாரும் உண்டாக்கவில்லை. ஒரு ஜோடி இருந்தது, அதைப் பார்த்து இன்னொன்று வந்தது, இரண்டைப் பார்த்து நாலு வந்தன. தானாகத் தோன்றியது. படைத்தவன் என்று யாரும் இல்லை, நடுவில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவனும் பெண்டாட்டிக்காகக் காத்திருக்கிறான்.

ஆனால் வரிசையாக இருக்கிறதே. அதைக் கவனித்ததும் மகிழ்ச்சி கொஞ்சம் இறங்கியது. நாற்பது ஜோடியும் பத்துப் பத்தாக நாலு வரிசையில், எல்லா மூக்கும் கோயிலைப் பார்த்தபடி இருந்தன. வந்தவர்கள் உதறிவிட்டுத்தான் போனார்கள், அதை நான் பார்த்தேன். வரிசைப்படுத்தியது யார்? நான்தான். எனக்குத் தெரியாமலே காலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நேராக்கியிருக்கிறேன். அலுவலகத்தில் சோதனைக்கு வரும் மீட்டர்களை அப்படித்தான் பலகையில் அடுக்குவோம், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அப்படியென்றால் நான் படைக்கவில்லை, ஒழுங்குபடுத்தினேன், அதுவும் தெரியாமல். மாமனார் இருந்தால் இதைப் பிடித்துக்கொள்வார். நான் சொன்னது அதானே மாப்பிள்ளை என்பார். இல்லை மாமா, அது வேறு. பழைய வட்டுத் தகடு மீட்டர்களில் ஒரு கோளாறு உண்டு. வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது, யாரும் மின்சாரத்தைத் தொடவே மாட்டார்கள், ஆனால் உள்ளே தகடு மட்டும் மெல்ல, மிக மெல்ல, சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றுமே இல்லாதபோது ஓட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது, பிரபஞ்சம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, மீட்டருக்கு வோல்டேஜ் வந்துகொண்டிருக்கிறது தம்பி, அதனால்தான் ஓடுகிறது, ஒன்றுமே இல்லாமல் இல்லை, போய் டீ சொல்லு என்றார். அன்றிலிருந்து இந்த வோல்டேஜ் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. எதிலிருந்து தோன்றியது என்று சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அப்பாவிடம் ஏழு வயதில் கேட்டேன். உலகம் சுழலும் வாயுவிலிருந்து வந்தது என்றார். எங்கள் வீட்டில் அப்போது அம்மாவுக்கு வாயுத் தொல்லை. நான் இரண்டு வருஷம் அம்மாவை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பரிசோதனைக்கூடத்திலிருந்து. திருமதி மங்கையர்க்கரசியின் அறிக்கை தயார், இணைத்திருக்கிறோம், திறப்பதற்கான பாஸ்வேர்ட் நோயாளியின் பெயரில் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் என்று போட்டிருந்தது. மணி ஐந்து பத்து. ஆறு மணிக்கு என்றுதானே சொன்னார்கள். ஐம்பது நிமிஷம் எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அந்த ஐம்பது நிமிஷத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. திறக்கக் கூடாது, அவள் வரட்டும் என்று ஒரு நினைப்பு. நான் முதலில் பார்த்து என்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. அவை இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் நாலு எழுத்தையும் தட்டிவிட்டது. பிறந்த ஆண்டு? இங்கே நின்றுவிட்டேன். அவள் பிறந்தது எழுபத்து மூன்று ஐப்பசி. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர், கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்க்காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். தொட்டுவிட்டாள். ஐந்து வயது ஆகிவிட்டது என்று அவரே ஒரு தேதியைப் போட்டுவிட்டார், எழுபத்திரண்டு, ஜூன் ஒன்று. எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறப்பு, ஒன்று இயற்கையாக நடந்தது, இன்னொன்று தலைமையாசிரியர் படைத்தது, அரசாங்கம் ஒப்புக்கொள்வது படைத்ததை மட்டும்தான். எழுபத்திரண்டு போட்டேன். தவறு என்றது. எழுபத்து மூன்று போட்டேன். தவறு என்றது. மறுபடி எழுபத்திரண்டை மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் அழுத்தி அழுத்திப் போட்டேன், வேகமாகப் போட்டதுதான் குற்றம்போல. தவறு. அப்போது எனக்குள் வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேர்வு ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்ட மாணவனின் நிம்மதி.

அதற்குப் பிறகு வந்த நினைப்புதான் மோசம். திறக்காதது நல்லது, அவள் இன்னும் அம்மன் முன்னால் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள், வரிசை நீளம், வேண்டுதலை முடிக்கட்டும், அதற்குள் நான் திறந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். இப்படி நினைத்தது யார்? நான்தான். செங்குட்டுவன். கிரகணத்தன்று வேண்டுமென்றே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தோசை தின்றவன். அப்பா கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்டு ஐயோ கடவுளே என்று கத்திவிட்டார் ஒரு நாள். பிறகு அரை மணி நேரம், விரலில் ஐஸ் வைத்துக்கொண்டே, அது வெறும் ஒலி, மொழியில் படிந்துபோன தூசி, அதற்குப் பொருள் கிடையாது என்று எனக்கு விளக்கினார். நான் நினைத்ததும் தூசிதானா? யோசித்துப் பார், செவ்வாய்க்கிழமை எடுத்த சதை. அதில் என்ன இருந்ததோ அது செவ்வாய்க்கிழமையே இருந்தது. புதன்கிழமை யாரோ ஒருவர் கண்ணாடியில் வைத்து உற்றுப் பார்த்தார். வியாழக்கிழமை தட்டச்சு செய்தார்கள். இப்போது அது என் பையில், என் இதயத்துக்கு நாலு விரற்கடை மேலே, முடிந்துபோன விஷயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி வேண்டுதல் செவ்வாய்க்கிழமைக்குப் போய் எதை மாற்றும்? எழுதி முடித்த ரீடிங்கை யார் திருத்த முடியும்? முடியாது என்று தெரிகிறது, தெரிந்தும் கை பையைத் தொட மறுக்கிறது. அந்தக் கட்டியும் இப்படித்தான், அதையும் யாரும் செய்யவில்லை. ஓர் உயிரணு இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று, நாற்பது ஜோடியாயிற்று. தானாகத் தோன்றுவதைப் பற்றி இனி நான் இவ்வளவு சந்தோஷமாகப் பேச மாட்டேன். படைத்தவன் ஒருவன் இருந்தால் குறைந்தபட்சம் போய்க் கத்துவதற்கு ஒரு முகவரி இருக்கும். எங்கள் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் எழுதுவதால் மின்சாரம் வந்துவிடாது என்று எழுதுகிறவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதிவேட்டை ஒரு வாரம் எடுத்து உள்ளே வைத்தபோது சனங்கள் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். எனக்கு எழுதப் பதிவேடு இல்லை. உடைக்கக் கண்ணாடியும் இல்லை. அவள் போய்விட்டால் என்கிற வாக்கியம் ஒன்று மனத்தின் ஓரத்தில் வந்து நின்றது, நான் அதைப் பார்க்காதமாதிரி ஒரு சிவப்புச் செருப்பைக் காலால் நேராக்கினேன்.

அப்போதுதான் அந்தப் பழுப்புத் தோல் செருப்புக்காரர் வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் தொன்னையில் கூழ், இடது கால் செருப்பில் நுழைந்துவிட்டது, வலது காலுக்கு உரியது இல்லை. தேடினார். நானும் தேடினேன். நாற்பத்தொரு ஜோடியும் ஒரு ஒற்றையும். நாய் ஒன்று கொஞ்சம் முன்பு வாலை ஆட்டிக்கொண்டு இந்தப் பக்கம் போனது ஞாபகம் வந்தது, அப்போது நான் செவ்வாய்க்கிழமையில் இருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாத்துக்கிறேன்னு உக்காந்துட்டு என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவே இல்லையே என்றேன். அது உண்மை. நான் இந்த நிலையத்துக்குச் சம்பந்தம் இல்லாதவன், நீங்களாக வந்தீர்கள், நீங்களாக வைத்தீர்கள், நீங்களாக நம்பினீர்கள் என்று ஒழுங்காக, கோபப்படாமல் விளக்கினேன். அவர் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"பொறுப்பு இல்லேன்னா ஏங்க நடுவுல உக்காந்திருக்கீங்க?"

இதே கேள்வியைத்தானே நான் முப்பது வருஷமாக மேலே பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பொறுப்பு எடுக்க மாட்டாய் என்றால் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறாய் என்று, கேட்டுவிட்டு, ஆகவே நீ இல்லை என்று முடித்துவிடுவேன். இன்று அந்தக் கேள்வி திரும்பி வந்து என் ஸ்டூலில் மோதுகிறது, நான் இருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறேன், நல்லவன்தான், ஆனால் என் கவனம் வேறு எங்கோ இருந்தது, என் வீட்டில் ஒரு கஷ்டம். ஒருவேளை மேலே இருப்பவருக்கும் வீட்டில் ஏதாவது கஷ்டமோ. இந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நேரம் கெட்ட சிரிப்பு, அவர் அதைத் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டார். நல்லவேளை பூக்காரம்மா தலையிட்டாள். அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கம் போய்ப் பாருங்கண்ணே, நாய் அங்கதான் கொண்டுபோட்டுக் கடிக்கும் என்றாள். அவர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, உங்களை நம்பி வெச்சேன் பாருங்க என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு வருத்தத்தோடு பேசியதில்லை.

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. அவள் என் முழங்கையைத் தொட்ட இடம் இன்னும் சூடாக இருந்தமாதிரி இருந்தது. உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றால் என்ன? கும்பிட வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். அவள் தேங்காய்ப் பையை நான் வாங்கிக்கொண்டால் போதும், இதில் பிரபஞ்சத்தை யார் படைத்தார் என்ற கேள்வியே வரவில்லையே, அவள் கேட்டது அதை இல்லையே. உள்ள வர்றீங்களா என்றுதானே கேட்டாள். சாமி இருக்கிறது என்று நம்புகிறீர்களா என்று கேட்கவில்லை. மூளை இருக்கிறவன் எவனுக்கும் இது நாற்பது நிமிஷத்துக்கு முன்பே புரிந்திருக்கும். இப்போது போகலாம் என்று பார்த்தால், கீழே நாற்பத்தொரு ஜோடி. இவற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது? நாற்பது நிமிஷத்துக்கு முன்பு பொய்யாகச் சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது. பூக்காரம்மாவைப் பார்த்து, கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவள் நாரை அறுத்துவிட்டு, போயிட்டு வாங்க சார், இதுல பாக்க என்ன இருக்கு என்றாள். யாராவது எடுத்துவிட்டால் என்றேன்.

"நாலு வருசமா இந்த எடத்துல உக்காந்திருக்கேன் சார். கடை லீவுன்னா சனங்க இங்கதான் கழட்டிப் போடும். யாரு பாத்துக்கிட்டா? ஒண்ணு காணாமப் போனதில்ல. இன்னிக்கு நீங்க உக்காந்தப்புறம்தான் போச்சு."

இதற்கு மாமனாரும் பதில் சொல்ல முடியாது, அப்பாவும் பதில் சொல்ல முடியாது. நான் என் செருப்பைக் கழற்றி, வரிசையின் கடைசியில் வைத்தேன். பிறகு கொஞ்சம் நேராக்கி வைத்தேன். வாசற்படியின் கருங்கல் பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது, உள்ளங்காலில் சுட்டது, என் உள்ளங்கால் எத்தனை மிருதுவாக இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் எதிரே மங்கையர்க்கரசி வந்துகொண்டிருந்தாள், நெற்றியில் திருநீறு, உடைத்த தேங்காய் பையில். என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எங்கே கிளம்பிட்டீங்க என்றாள். கால் மரத்துப்போச்சு என்றேன். இருபத்தைந்து வருஷப் பெண்டாட்டி, இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாள். நகர்ந்து எனக்குப் படியில் இடம் விட்டாள், நான் ஏறவில்லை, அவளோடு இறங்கினேன். தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டேன். அதையாவது செய்தேன்.

படிக்கட்டு ஓரத்துச் சிமென்ட் திண்டில் உட்கார்ந்ததும் ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பார்த்தீங்களா என்றாள். திறக்கவில்லை என்றேன். திறக்கவில்லையா, திறக்க வரவில்லையா என்றாள். வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன், எழுபத்திரண்டும் போட்டேன், எழுபத்து மூன்றும் போட்டேன் என்றேன். அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், விரித்தாள், எதிரே போன ஆட்டோவைப் பார்த்தபடி எழுபத்தாறு போடுங்க என்றாள். அந்தக் கூடத்தில் இருந்த பெண் வயசு கேட்டதாம், கூட்டத்தில் நாலு பேர் காதுபட நின்றார்களாம், வாய் தானாக அப்படிச் சொல்லிவிட்டதாம். சதையில் ஊசி குத்தப்போகிற நேரத்தில் மூன்று வயது குறைத்துச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் வலது கையில் போன், இடது கையில் தேங்காய். எண்ணைப் போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கவும் கூச்சமாக இருந்தது. வேண்டுதல் முடிந்ததா என்று கேட்டேன். எந்த வேண்டுதல் என்றாள். இதுக்குத்தான், ரிப்போர்ட்டுக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

"செவ்வாக்கெழம எடுத்த சதையில என்ன இருந்துச்சோ அதான இருக்கும். வெள்ளிக்கெழம வந்து அதை மாத்துன்னு கேட்டா, சாமி என்ன பண்ணும்?"

என் பத்து வருஷ வாதம், என் நோட்டு, என் மீட்டர், எல்லாம் அவள் வாயிலிருந்து தேங்காய்த் தண்ணீர்போலச் சாதாரணமாக வந்தது. நாற்பது நிமிஷம் அவளுடைய வேண்டுதல் கெட்டுவிடக் கூடாது என்று போனைத் தொடாமல் பயந்துகொண்டிருந்தது நான், பகுத்தறிவாளன். அப்ப உள்ளே போய் என்னதான் கேட்டாய் என்றேன். அவள் காலில் ஒட்டியிருந்த மல்லிகை இதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"என்ன எழுதியிருந்தாலும் சரி, நீங்க அதைப் படிச்சுச் சொல்றப்ப உங்க கொரல் நடுங்கக் கூடாதுன்னு கேட்டேன். நீங்க நடுங்குனா எனக்குத் தாங்காது. அவ்வளவுதான்."

எழுபத்தாறு போட்டேன். திறந்தது. ஒரே பக்கம், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், மேலே அவள் பெயர், வயது நாற்பத்தெட்டு. எழுத்துகள் எறும்புபோல ஊர்ந்தன, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். சதையின் நீளம், அகலம், நிறம், எப்படி வெட்டினார்கள், எந்தச் சாயம் பூசினார்கள், எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்குப் போனேன். அதை மனத்துக்குள் ஒரு தரம் படித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன், அலுவலகத்தில் மீட்டர் சோதனை முடிவை வாசிப்பேனே, அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன், மூச்சை இழுத்துப் பிடித்தேன். புற்று அணுக்கள் எதுவும் இல்லை, கெடுதலில்லாத சாதாரணக் கட்டி என்று தமிழில் சொன்னேன். சொன்னேன் என்றால், புற்று என்பதுவரை வந்தது, அதற்குப் பிறகு குரல் பழைய சைக்கிள் கேரியர்போல ஆடி, உடைந்து, இல்லை என்ற இடத்தில் மூன்று துண்டாகப் போய்விட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுகையோடு சிரிப்பும் சேர, கால் கடுக்க வரிசையில நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அதுகூடக் கெடைக்கல பாருங்க என்றாள். ஆமாம், கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது கிடைத்திருக்கிறது, இது யார் பக்கத்துக்குச் சாட்சி, அப்பா பக்கத்துக்கா, மாமனார் பக்கத்துக்கா என்று யோசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் இன்னொரு தடவை சரியா படிங்க என்றாள், நான் படித்தேன். குரல் முதல் தடவையைவிட மோசமாக நடுங்கியது. இன்னொரு தடவை என்றாள்.